சென்டர் டயாலிசிஸா, வீட்டு டயாலிசிஸா, மாற்றுச் சிறுநீரகமா? டெல்டாக்காரர்கள் எதைப் பார்த்து முடிவெடுப்பது

ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு ஏழைத் தாண்டிவிட்டது, இனி டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பிவிடும். மூத்த மாப்பிள்ளை, திருச்சிக்குப் போய் கிட்னியை மாற்றிவிடலாம் என்பார். பக்கத்து வீட்டு அக்கா, டயாலிசிஸில் ஒருமுறை கை வைத்தால் விடவே முடியாது, மூக்கிரட்டைக் கீரையைக் கொடுத்துப் பாருங்கள் என்பார். அதற்குள் யாரோ வாழைத்தண்டுச் சாறு பற்றி வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பியிருப்பார்கள். நோயாளி மட்டும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

உண்மையில் இருப்பவை நான்கு வழிகள். வாரம் மூன்று தடவை சென்டருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது. வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்வது. வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொள்வது. டயாலிசிஸே வேண்டாம், தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருப்பது. எங்கள் குடும்பத்திலேயே முதல் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நான்கில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் குடியிருப்பவருக்கும் கோடியக்கரையில் இருப்பவருக்கும் ஒரே பதில் எப்படிச் சரியாக வரும்?

கிட்னி பார்க்கும் வேலை

கிட்னி என்னென்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்தால்தான், எந்த வழி அதில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்று கணக்குப் போட முடியும்.

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் 11 செ.மீ. நீளம், ஏறக்குறைய 150 கிராம் எடை. மேலே கல்லீரல் இருப்பதால் வலது பக்கத்தது சற்றுக் கீழே இருக்கும். இவ்வளவு சின்ன உறுப்புகளுக்கு இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல். ஒவ்வொரு கிட்னியிலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டும் குழல்கள் சுமார் பத்து லட்சம். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் குளோமருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு. ரத்தம் அதில் அழுத்தத்தோடு பாயும்போது தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் வடிந்து குழலுக்குள் இறங்கிவிடும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் வடியாமல் நின்றுவிடும்.

இப்படி ஒரு நாளில் வடிவது 180 லிட்டர். நாம் சிறுநீராகக் கழிப்பதோ ஒன்றரை லிட்டர். மீதி அத்தனையையும் குழலின் சுவர் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே கொடுத்துவிடுகிறது. போகிக்கு வீட்டுச் சாமானை எல்லாம் திண்ணையில் எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் பார்த்துப் பார்த்து உள்ளே எடுத்து வைக்கிறோமே, அதே வேலைதான். வேண்டாததைத் தேடிப் பொறுக்கி வெளியே போடுவதில்லை. எல்லாவற்றையும் வெளியே போட்டு, வேண்டியதை மீட்டுக்கொள்கிறது. அன்றைக்கு இளநீர் குடித்திருந்தால் கூடுதல் பொட்டாசியத்தைக் கழித்துவிடும். வெயிலில் நாற்று நட்டுவிட்டு வந்தால் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மணிக்கு மணி மாறும் கணக்கு இது.

வடித்து மிஞ்சிய சிறுநீர் இரண்டு குழாய்கள் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்கும். பையில் 400, 500 மில்லி சேர்ந்தால் முட்டும். இந்தக் கீழ்ப்பகுதியில் கல்லோ, வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கமோ அடைத்துக்கொண்டாலும் கிரியாட்டினின் ஏறும். அடைப்பை எடுத்தால் இறங்கவும் செய்யும். ஸ்கேன் பார்க்காமல் நிரந்தர டயாலிசிஸ் பேச்சை எடுக்கவே கூடாது.

கிட்னிக்கு மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. ரத்த சிவப்பணு ஊறச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லும் எரித்ரோபொயட்டின் அங்கேதான் சுரக்கிறது. வைட்டமின் டி எலும்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுவதும் அங்கேதான். ரத்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெனினும் அங்கிருந்துதான் வருகிறது. கிட்னி கெட்டவர்கள் வெளுத்துப்போவதும், எலும்பு வலிப்பதும், பிரஷர் அடங்காமல் இருப்பதும் இதனால்.

ஆகக் கழிவை வெளியேற்றுவது, நீரையும் உப்பையும் சமன் செய்வது, ஹார்மோன் சுரப்பது என்று மூன்று வேலை. இரண்டு வகை டயாலிசிஸும் முதல் இரண்டில் ஒரு பகுதியைச் செய்யும். மூன்றாவதைச் செய்யாது, அதற்கு ஊசியும் மாத்திரையும் தனியாகப் போட வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் மூன்றையும் செய்யும். வசதி, செலவு, ஆள்பலம் எல்லாம் இந்தக் கணக்குக்குப் பிறகுதான் வருகின்றன.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தொட்டால் விட முடியாது என்பது பாதிதான் சரி. வயலில் கண்ணாடி விரியன் கடித்தோ, எலிக்காய்ச்சல் வந்தோ, கடும் வயிற்றுப்போக்கிலோ கிட்னி திடீரென்று நின்றுபோனவர்களில் பலருக்குச் சில வாரங்கள் டயாலிசிஸ் செய்தால் அது திரும்ப வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அப்புறம் டயாலிசிஸ் வேண்டியதில்லை. சர்க்கரையாலும் பிரஷராலும் பல வருடமாகச் சுருங்கிப்போன கிட்னிக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும். அங்கேயும் விட முடியாமல் செய்வது நோய், டயாலிசிஸ் இல்லை.

சென்டருக்குப் போவது

1943இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி ரத்தத்தை அதில் ஓடவிட்டுக் கழிவைப் பிரித்தெடுத்தார். இன்றைய மிஷினும் அதே தத்துவம்தான். ரத்தம் ஒரு பக்கமும் டயாலிசிஸ் திரவம் மறுபக்கமும் ஓட, நடுவில் மெல்லிய சவ்வு. உள்ளங்கையில் பிடிக்கக்கூடிய ஒரு குழலுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய நாரிழைகளாக அந்தச் சவ்வை அடக்கிவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முறையான அளவு வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். நம் ஊர்ப்பக்கம் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறையப் பேர். தூரமும் பணமும் அதற்குக் காரணம். ஆனால் சிறுநீர் நன்றாக இறங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டுமே இரண்டு தடவை தாங்கும். கிட்னி வாரத்தின் 168 மணி நேரமும் ஓடுகிறது. மிஷின் 12 மணி நேரம் ஓடுகிறது. இந்த இடைவெளியில் சேரும் தண்ணீரும் பொட்டாசியமும்தான் சென்டர் டயாலிசிஸின் எல்லாத் தொந்தரவுக்கும் மூலம். மூன்று லிட்டர் தண்ணீரை நான்கு மணி நேரத்தில் இழுத்தால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும், வீட்டுக்கு வந்ததும் அடித்துப் போட்டாற்போல் படுத்துவிடுவார்கள். வாரக் கடைசியில் வரும் நீண்ட இடைவெளிதான் இதயத்துக்கு ஆபத்தான நேரம்.

அதனால் தண்ணீருக்குக் கட்டுப்பாடு. முந்தின நாள் கழித்த சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. கும்பகோணத்தில் இருக்கும் என் மாமாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "மாமா, ஒரு லிட்டர்தானே சொல்லியிருக்காங்க?" என்றால், "காப்பி தண்ணியா மாப்ள?" என்பார். காப்பியும் தண்ணிதான். ரசமும் தண்ணி, நீராகாரமும் தண்ணி, மோரும் தண்ணி. சாப்பாட்டில் பாதி ஓடுவதாக இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் போனால் கருவாடு வேறு. உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்க யாராலும் முடியாது, தாகம் விடாது. இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் பொட்டாசியம். காய்கறியை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். கிட்னி நோயாளி அதைத் தொடவே கூடாது.

ரத்தத்தை எடுக்கவும் திருப்பி விடவும் வழி வேண்டும். அதற்குத்தான் ஃபிஸ்டுலா ஆபரேஷன். மணிக்கட்டிலோ முழங்கையிலோ தமனியைச் சிரையோடு இணைத்துவிடுவார்கள். தமனியின் அழுத்தம் பட்டுப் பட்டுச் சிரை தடித்து, ஊசி தாங்கும் அளவுக்கு வர ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். விரலை வைத்துப் பார்த்தால் தோலுக்கடியில் விர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். மாமா காலையில் எழுந்ததும் கைக்கடிகாரம் கட்டுவதற்கு முன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கடிகாரம் அந்தக் கையில் கட்டக்கூடாது என்பதால் வலக்கைக்கு மாறியிருந்தது. அதிர்வு நின்றுவிட்டால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஓட வேண்டும்.

ஃபிஸ்டுலா தயாராவதற்குள் நிலைமை முற்றிவிட்டால் கழுத்தில் ட்யூப் போட்டு ஆரம்பிப்பார்கள். கழுத்து ட்யூப் கிருமிக்குத் திறந்த வாசல். குளிர்காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலானோர் இவர்கள்தான். இங்கே பாதிப் பேர் தாமதமாக வந்து, கழுத்து ட்யூபோடு ஆரம்பித்து, அப்புறம் வேறு வழியை யோசிக்கத் தெம்பில்லாமல் அப்படியே தொடர்வதைப் பார்க்கிறேன். சென்டர் டயாலிசிஸ் பலருக்குத் தேர்ந்தெடுத்த வழி இல்லை; மாட்டிக்கொண்ட வழி.

இந்த வழியின் நல்ல பக்கம் என்ன? வேலையை நர்ஸும் டெக்னீஷியனும் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, வீடு எப்படி இருந்தாலும் சரி. வாரம் மூன்று நாள் மருத்துவக் கண் படுவதால் பிரஷர், ஹீமோகுளோபின் எல்லாம் கவனிப்பில் இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருக்கும் தம்பதிக்கு இது பெரிய ஆறுதல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது. மெடிக்கல் காலேஜ் மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

கெட்ட பக்கம் தூரம். வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போய்வர நூறு, வாரத்துக்கு முந்நூறு. கூட ஒருவர் போக வேண்டும். அந்த ஒருவரின் மூன்று நாள் கூலியும் போனது.

தண்ணீரையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரவம் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அத்தனையும் நோயாளியின் ரத்தத்துக்கு ஒரு சவ்வு தள்ளி ஓடும் தண்ணீர். கடற்கரைப் பக்கம் நிலத்தடி நீர் உப்பாக இருக்கிறது. சென்டரின் ஆர்.ஓ. பிளான்டை எப்போது பரிசோதித்தார்கள், மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மிஷின் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒரு சென்டரில் நான் இதைக் கேட்டபோது ஏற இறங்கப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வயிற்று டயாலிசிஸ்

வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வும் வடிகட்டியாக வேலை செய்யும். தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். பொதுவாக இரண்டு வாரம் ஆறவிட்டு, அதன் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விடுவார்கள். நான்கைந்து மணி நேரம் உள்ளே நிற்கும். சவ்வின் ரத்தக்குழாய்களிலிருந்து கழிவு அதில் இறங்கும். திரவத்தில் உள்ள குளுக்கோஸ் உடம்பின் கூடுதல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுத் திரவம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி, முக்கால் மணி நேரம். சி.ஏ.பி.டி. என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது இதுதான். இரவில் தூங்கும்போது மிஷினே மாற்றிவிடும் வகையும் உண்டு, விலை அதிகம்.

ஆயக்காரன்புலம் பக்கம் எங்கள் சம்பந்தி ஒருவர் இதைச் செய்கிறார். மருமகள்தான் மாற்றிவிடுவது. கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருவாள். ஜன்னல் கம்பிக்கு மேல் ஆணியில் புதுப் பை தொங்கும். தரையில் பிளாஸ்டிக் பேசினுக்குள் காலிப் பை. வடிந்து முடிந்ததும் அந்தப் பையைத் தூக்கி தினசரிப் பேப்பர் மேல் வைத்துப் பார்ப்பாள். அதன் வழியாக எழுத்துப் படிக்க முடிந்தால் சரி. மங்கலாக, அரிசி களைந்த தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே கிருமி. வயிறு வலிக்கும்வரை காத்திருக்காமல் அந்தப் பையோடேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிட்டோனியத்தில் கிருமி தொற்றுவதுதான் இந்த முறையின் பெரிய பயம். கை கழுவுவதில் சோம்பல் இல்லாத வீட்டில் அந்தப் பயம் பெரிதும் குறைகிறது.

கிட்னியின் வேலையோடு ஒப்பிட்டால் இது சென்டரைவிட ஒரு விதத்தில் நெருக்கம். நாள் முழுக்க மெதுவாக நடப்பதால் ஏற்ற இறக்கம் இல்லை. பிரஷர் தடாலென்று விழாது. பொட்டாசியம் தொடர்ந்து வெளியேறுவதால் சாப்பாட்டுக் கட்டுப்பாடு தளரும். சம்பந்தி வாழைப்பழம் சாப்பிடுகிறார், மாமாவால் முடியாது. மிச்சமிருக்கும் சிறுநீரும் சென்டரில் செய்துகொள்பவர்களைவிட அதிக நாள் இறங்கும். தினமும் அரை லிட்டர் சிறுநீர் இறங்குவது கிட்னி நோயாளிக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பது அது நின்ற பிறகுதான் தெரியும். ஆயுளைப் பொறுத்தவரை இரண்டு முறைக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் குளுக்கோஸ் உடம்பில் ஏறும். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலினைக் கூட்ட வேண்டியிருக்கலாம், எடை போடும். புரதம் தினமும் சில கிராம் வடிந்து போகும். முட்டை வெள்ளைக்கரு, மீன் என்று சேர்த்து ஈடுகட்ட வேண்டும். வயிற்றில் பல ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பெரிய குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது. சில வருடங்களில் சவ்வு தேய்ந்து சென்டருக்கு மாற வேண்டியும் வரலாம்.

இடமும் வேண்டும். நாளைக்கு மூன்று பை என்றால் மாதத்துக்குத் தொண்ணூறு பை, 180 கிலோவுக்கு மேல். எலி கடிக்காத, ஈரம் ஏறாத, தரையிலிருந்து உயர்ந்த இடம் தேவை. குளம், ஆறு, வாய்க்காலில் முங்கக் கூடாது. ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் தலையை நனைப்பதும், 2028 மகாமகத்துக்குக் கும்பகோணம் குளத்தில் இறங்குவதும் நடக்காது. சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொள்ளலாம், புண்ணியத்தில் பாக்கி வைக்க மாட்டார்கள்.

இந்த வழியை நம் பக்கத்தில் போதுமான அளவு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னை மரமெல்லாம் ரோட்டில் கிடந்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டயாலிசிஸ் மிஷினுக்குக் கரண்டும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், நோயாளி வந்துசேர ரோடும் வேண்டும். கையால் மாற்றும் சி.ஏ.பி.டி.க்கு ஆணியும் பையும் சுத்தமான கையும் போதும். ஐப்பசி, கார்த்திகையில் எப்போது வெள்ளம் வரும் என்று தெரியாத கடைமடைக் கிராமங்களுக்கு இதைவிடப் பெரிய வாதம் தேவையில்லை. மழைக்கு முன்பே கூடுதலாகப் பை வாங்கிப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாற்றுச் சிறுநீரகம்

பொருந்தினால் இதுதான் முதல் இடம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்ணீர்க் கட்டுப்பாடு போய்விடும், ரத்தம் ஊறும், பெண்கள் குழந்தை பெற்றுக்கொள்ளவும் முடியும். பழைய கிட்னிகளைப் பொதுவாக எடுக்க மாட்டார்கள். புதியதை அடிவயிற்றில், பெரும்பாலும் வலது பக்கம் வைத்து, அங்கிருக்கும் ரத்தக்குழாயோடும் சிறுநீர்ப்பையோடும் இணைப்பார்கள். 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே இரட்டையர்களில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வெற்றிகரமாக மாற்றினார். வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் நடந்தது. இன்று திருச்சி, மதுரை, சென்னை, புதுச்சேரி ஜிப்மர் என்று நமக்கு எட்டும் தூரத்தில் இடங்கள் உண்டு. காப்பீட்டுத் திட்டத்திலும் வருகிறது.

கிட்னி யாரிடமிருந்து கிடைக்கும் என்பதில்தான் சிக்கல். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் தரலாம். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரன் பேத்திகளையும் சேர்த்தார்கள். மற்றவர்கள் என்றால் அனுமதிக் குழு விசாரித்துத்தான் விடும். விற்பதும் வாங்குவதும் குற்றம். ரத்த வகை பொருந்தாத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு.

நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது கிட்னி தருபவர்களில் பெரும்பான்மை பெண்கள். அம்மா தருகிறாள், மனைவி தருகிறாள். மனைவிக்குக் கெட்டுப்போனால் கணவனின் ரத்த வகையைப் பார்ப்பதற்கு முன்பே, "அவர் சம்பாதிக்கிறவர்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. நல்ல உடம்புக்காரர் ஒரு கிட்னியோடு சாதாரணமாக வாழலாம். மிஞ்சியது வேலையைக் கூட்டி எடுத்துக்கொள்ளும், சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆணுக்கும் அப்படித்தான், பெண்ணுக்கும் அப்படித்தான். தருபவருக்குச் சர்க்கரையோ அடங்காத பிரஷரோ இருந்தால் தரக் கூடாது. குடும்பத்தில் யாரும் இல்லாதபோது அவரிடம் தனியாக உட்கார்ந்து டாக்டர் கேட்க வேண்டும்; கேட்கச் சொல்லி நீங்களே வற்புறுத்தலாம்.

வீட்டில் யாரும் பொருந்தவில்லை என்றால் மூளைச்சாவு அடைந்தவர்களின் தானத்துக்குப் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008இல் இதற்கான திட்டம் முறையாகத் தொடங்கியது. இப்போது டிரான்ஸ்டான் என்ற ஆணையம் வரிசையை நடத்துகிறது. தானம் தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு என்று 2023 செப்டம்பரில் அரசு அறிவித்தது. அப்படியும் காத்திருப்பு வருடக்கணக்கில் போகலாம். அதுவரை ஏதோ ஒரு டயாலிசிஸ் வேண்டும்.

மாற்றிய பிறகு டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு என்று கிட்னி இருக்கும்வரை மாத்திரை. ஒருவேளை மறந்தாலும் உடம்பு புதுக் கிட்னியை எதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிடும். இந்த மாத்திரைகளால் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருப்பதால் சேற்றில் வெறுங்காலோடு இறங்குவது ஆபத்து, எலிக்காய்ச்சல் நம் வயல்களில் புதிதில்லை. பம்ப்ளிமாஸ் பழம் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கொல்லையில் மரம் இருந்தாலும் சாப்பிடக் கூடாது. வைத்த கிட்னிக்கும் ஆயுள் உண்டு. தோராயமாகப் பத்துப் பதினைந்து வருடம் ஓடும். உயிரோடு இருப்பவர் தந்தது கூட ஓடும். முப்பது வயதுக்காரர் வாழ்நாளில் இரண்டாவது தடவைக்கும் யோசித்து வைக்க வேண்டியிருக்கும்.

டயாலிசிஸ் வேண்டாம் என்பது

எண்பதை நெருங்கியவர், இதயமும் பலவீனம், நடமாட்டமும் இல்லை என்றால் டயாலிசிஸ் ஆயுளை அதிகம் நீட்டிவிடாது. கூடும் நாளில் பாதி ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். மூச்சுத்திணறலுக்கும் அரிப்புக்கும் வாந்திக்கும் மருந்து கொடுத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதும் சிகிச்சைதான். ஊர் என்ன சொல்லும் என்பதற்காகப் பெரியவரை வேனில் ஏற்றி இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே அவரையே கேட்டுவிடுவது நல்லது.

யாருக்கு எது

அறுபதுக்குக் கீழே, இதயம் நன்றாக இருக்கிறது, தர ஆள் இருக்கிறது என்றால் மாற்றுச் சிறுநீரகம். அதுவும் டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே முடிந்தால் இன்னும் நல்லது. ஆள் இல்லை, ஊர் தூரம், சிறுநீர் இன்னும் இறங்குகிறது, வீட்டில் பொறுப்பான ஒரு கை இருக்கிறது, காரை போட்ட ஓர் அறை இருக்கிறது என்றால் வயிற்று டயாலிசிஸ். அந்தக் கையும் பெரும்பாலும் மருமகளுடைய கைதான். அவளிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். டவுனில் வீடு, சென்டர் ஆட்டோ தூரம், வீட்டில் யாராலும் முடியாது என்றால் சென்டரே சரி. ஒன்றில் ஆரம்பித்து இன்னொன்றுக்கு மாறலாம். அதனால் முதல் முடிவே தலைவிதி என்று பயப்பட வேண்டாம்.

எப்போது ஆரம்பிப்பது என்பதில் அவசரமும் வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010இல் வெளிவந்த ஐடியல் என்ற ஆய்வில், வடிகட்டும் திறன் பத்துக்கு மேல் இருக்கும்போதே டயாலிசிஸ் தொடங்கியவர்கள், ஏழு வரை இறங்கவிட்டுத் தொடங்கியவர்களைவிடக் கூடுதலாக வாழவில்லை. ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று இருக்கும் எண்தான் அந்தத் திறன். எண்ணோடு வாந்தி, வீக்கம், மூச்சுத்திணறல், அடங்காத பொட்டாசியம் இவற்றையும் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். ஆரம்பிப்பதைத் தள்ளலாம், தயாராவதைத் தள்ளக் கூடாது. அந்த எண் முப்பதுக்குக் கீழே வந்ததுமே பேச ஆரம்பித்துவிடுங்கள். எழுதும் கை அல்லாத மற்றக் கையில் ரத்தம் எடுக்கவோ ட்ரிப்ஸ் ஏற்றவோ விடாதீர்கள். பின்னால் ஃபிஸ்டுலாவுக்கு அந்தக் கையின் சிரை வேண்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை இப்போதே தொடங்கிவிடுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் மாத்திரையை நிறுத்துங்கள். காப்பீட்டு அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் சேர்த்துவிட்டு வந்துவிடுங்கள்.